பிரதேச சபையின் பாதீடு: கையை உயர்த்தும் முன் செய்ய வேண்டியவை

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு முதன்முறையாகச் சபைக்குள் நுழைந்தவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பேர். 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகத்தைக் கொண்டுசென்றார்கள். அந்த இடைவெளியில் பாதீடு, அதாவது சபையின் ஆண்டு வரவு செலவுத் திட்டம், அலுவலகத்தில் தயாராகி அலுவலகத்திலேயே ஒப்பமாகும் காகிதமாகிவிட்டது. கேள்வி கேட்கும் பழக்கத்தை மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கிறது. புதிய உறுப்பினர்களுக்காகவும், அவர்களிடம் மனுவோடு போகும் சனசமூக நிலையத்தினர், கிராம அபிவிருத்திச் சங்கத்தினருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் கை உயர்த்தும் நாளில் தீர்மானிக்க அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது. கையில் கிடைத்த தடித்த புத்தகத்தில் தன் வட்டாரத்து ஒழுங்கையின் பெயர் இருக்கிறதா என்று செலவுப் பக்கத்தைப் புரட்டுபவர் பாதீட்டின் கடைசி வரியைத்தான் படிக்கிறார். அதே புத்தகத்தின் வரவுப் பக்கம் ஓகஸ்ட், செப்டெம்பரில் எழுதப்படும்போது பக்கத்தில் இருந்தவருக்குத்தான் பேரம் பேச இடம் இருக்கிறது.

யாருடைய பணம், யாருடைய வீதி

வேலையைத் தொடங்கும் முன் எந்தப் பணம் எந்த வாசலால் வருகிறது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லாம் 'அரசாங்கக் காசு'தான். உண்மையில் குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன.

பாராளுமன்றம் நிறைவேற்றும் தேசிய வரவு செலவுத் திட்டம் முதலாவது. அமைச்சுகளின் பணமும், பாராளுமன்ற உறுப்பினர் பரிந்துரைக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் அதற்குள் அடங்கும். இவை மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாக இறங்குகின்றன. எந்த வேலை எங்கே என்ற பேச்சு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் நடக்கும். இரண்டாவது மாகாண சபையின் பணம். மூன்றாவது நீங்கள் வாக்களிக்கப் போகும் உங்கள் சபையின் சொந்தப் பாதீடு. வெளிநாட்டு உதவித் திட்டங்கள் நான்காவது. அவை தமக்கென்று தனி விதிகளோடு வந்து தனி விதிகளோடு போய்விடும்.

மாகாண சபையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அயலில் தமிழ்நாட்டுச் சட்டசபை தன் பட்ஜெட்டை விவாதித்து நிறைவேற்றுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். நம்மிடம் அதற்குக் கிட்டத்தட்ட ஒப்பானது திருகோணமலையில் இருக்கும் கிழக்கு மாகாண சபை. அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, வென்ற கட்சிக்கு மேலதிகமாக 2 என்று 37 ஆசனங்கள். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி மாகாணத்தின் ஆண்டு நிதிக் கூற்றை ஆளுநர் சபையில் சமர்ப்பிக்கச் செய்ய வேண்டும். உறுப்பினர்கள் விவாதித்து வாக்களிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாகாண நிதியத்திலிருந்து பணம் எடுக்கலாம். ஆளுநரின் வேதனம், கடன் வட்டி, நீதிமன்றத் தீர்ப்பால் கட்ட வேண்டிய தொகை போன்றவை வாக்கெடுப்புக்கு வராமலே நிதியத்தின் மீது சுமத்தப்பட்டவை. ஏட்டில் இருப்பது இவ்வளவும். 2017 செப்டெம்பர் இறுதியில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. அதிலிருந்து ஆளுநரின் கையெழுத்தோடு மாகாணப் பாதீடு நடைமுறைக்கு வருகிறது. வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ எழுந்து நின்று ஏன் என்று கேட்க அங்கே ஒருவருமில்லை. ஆகவே நம் ஊர்களில் தெரிவு செய்யப்பட்டவர்கள் கை உயர்த்தி நிறைவேற்றும் பாதீடு இன்றைக்கு மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளில்தான் இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் இவை மொத்தம் 12: ஒரு மாநகர சபை, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள்.

மாகாணத்துக்குக் கொழும்பிலிருந்து பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிதி ஆணைக்குழு என்று ஒன்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் வந்தது. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பெரும் சமூகங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் என ஐந்து பேர். மாகாணங்களின் சனத்தொகை, தலா வருமானம், பிரதேச ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டிய தேவை ஆகியவற்றைப் பார்த்து ஒதுக்கீட்டுக்குச் சிபாரிசு செய்வது அவர்களுடைய வேலை. சம்பளம் போன்ற மீண்டெழும் செலவுக்கு ஒரு கொடை, அபிவிருத்திக்கு வேறு கொடைகள் என்று பணம் வரும். பெரும் பகுதி முன்னதற்கே போய்விடுகிறது.

இனி வீதிகளுக்கு வருவோம். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மற்றவைதான் சபைக்கு. கல்முனையிலிருந்து களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி வழியாக மட்டக்களப்பு வரும் ஏ4 வீதியில் ஒரு குழியை மூடக்கூட உங்கள் பாதீட்டில் ஒரு ரூபாய் ஒதுக்க முடியாது. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5, திருகோணமலைக்குப் போகும் ஏ15 எல்லாம் அப்படியே. தேர்தலில் வாக்குறுதி கொடுத்த வீதி எந்த வகுப்பு என்று இப்போதாவது பாருங்கள். சபை அலுவலகத்தில் வீதிப் பதிவேடு இருக்கும். அதில் இல்லாத வீதிக்குப் பணம் ஒதுக்கினாலும் கணக்காய்வில் மாட்டும். முதலில் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வதே பெரிய வேலை.

வரவுப் பக்கத்தை முதலில் திறவுங்கள்

சபையின் வரவை மூன்று கூறாகப் பிரித்துப் படிப்பது சுலபம்.

சபை தானே சேர்ப்பது முதற்கூறு. சோலை வரி (வீடு, கடை போன்ற ஆதனங்களுக்கான வரி), ஏக்கர் வரி (பயிர்ச்செய்கை நிலத்துக்கான வரி), வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், தொழில் வரி, சந்தைக் கடை வாடகை, மீன் சந்தை, இறைச்சிக் கடைக் குத்தகை, கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், விளம்பரப் பலகைக் கட்டணம், பவுசர், உழவு இயந்திரம் வாடகைக்கு விடுவது. இரண்டாவது கூறு, உங்கள் எல்லைக்குள் உருவாகி மாகாணத்தின் கைக்குப் போய்த் திரும்பி வரும் பணம்: காணி உறுதி மாறும்போது கட்டப்படும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட ஆளணியின் சம்பளத்துக்காகத் திறைசேரியிலிருந்து மாகாணம் வழியாக வரும் மீளளிப்பு.

மூன்றாவது கூறுதான் பல பிரதேச சபைகளின் புத்தகத்தைத் தடிப்பாக்குகிறது. அது ஒரு கையால் வந்து மறு கையால் சம்பளமாகப் போய்விடும். அதை நீங்கள் தொட முடியாது. ஆகவே மொத்தத் தொகையைக் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். சம்பள மீளளிப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

சோலை வரியில் கவனமாக இருக்க வேண்டும். பிரதேச சபை தன் எல்லை முழுவதும் அதை அறவிட முடியாது; அதற்கென்று அறிவிக்கப்பட்ட, கட்டடங்கள் அடர்ந்த பகுதிகளில்தான் முடியும். ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியில் இத்தனை வீதம் என்று கணக்கிடப்படுகிறது. அந்தப் பெறுமதியை நிர்ணயிப்பது விலை மதிப்பீட்டுத் திணைக்களம். மதிப்பீடு பழையதாக இருந்தால், சந்தியில் மாடிக் கடை கட்டியவரும் பழைய ஓட்டு வீட்டுக்குரிய வரியையே கட்டிக்கொண்டிருப்பார். எனவே முதல் கேள்வி: நமது சபையில் கடைசி மதிப்பீடு எந்த ஆண்டு நடந்தது? இரண்டாவது: சோலை வரி நிலுவை எவ்வளவு, அது எத்தனை ஆண்டுப் பழையது? ஜனவரி 31க்குள் முழு ஆண்டு வரியையும் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு என்பதை உங்கள் வட்டாரத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது மூன்றாவது. அது உங்களுக்கான கேள்வி.

வரி கூட்டுவதற்குக் கை உயர்த்த உறுப்பினர்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் சந்தையில் சபைக்குச் சொந்தமான கடையை மிகக் குறைந்த வாடகைக்கு எடுத்து இரண்டாம் ஆளுக்கு மூன்று மடங்குக்குக் கொடுத்திருப்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசாமல் ஏழை வீட்டுக்கு வரி ஏற்றலாமா என்று மேசையைத் தட்டுவது எனக்கு ஒரு வகைக் கோழைத்தனமாகவே படுகிறது. கடை வாடகைப் பட்டியலைக் கேளுங்கள். கடை இலக்கம், ஒப்பந்தக்காரர், மாத வாடகை, கடைசியாகத் திருத்திய ஆண்டு, நிலுவை: இந்த ஐந்து நிரல்கள் போதும்.

இந்த இடத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துச் சபைகளில் பெரிய சந்தி இல்லை, கடைத்தெரு சிறியது. வயலும் அனுமதிப்பத்திரக் காணியும் அதிகம் என்பதால் உறுதி எழுதி விற்கும் கொடுக்கல் வாங்கல் குறைவு. ஆகவே முத்திரைத் தீர்வையும் குறைவு. வீதிகளோ நீளம். நெல் ஏற்றிய லொறியும் மணல் ஏற்றிய டிப்பரும் அதே கிரவல் வீதியால்தான் போகின்றன. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வணிகச் சந்தியை வைத்திருக்கும் சபையோடு ஒப்பிட்டு, சொந்த வருமானத்தைக் கூட்டத் தெரியாதவர்கள் என்று அவர்களைக் குறை சொல்வது சரியில்லை. அவர்களுடைய பேரம் சபைக்குள் முடிவதில்லை. உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடமும் மாகாணத்திடமும் போய்த்தான் பேச வேண்டும்.

காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம்

பாதீடு சமநிலையில் இருக்க வேண்டும். வரவுக்கு மேல் செலவு போட முடியாது. எல்லா உறுப்பினருக்கும் வீதி கொடுக்க வேண்டும், பணமோ இல்லை என்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது. வரவை ஊதிவிடுவது.

கணக்குக்காக ஒரு சபையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்த வரவு 10 கோடி ரூபாய். அதில் 7 கோடி சம்பள மீளளிப்பு, ஒரு கோடி முத்திரைத் தீர்வையும் தண்டப்பணமும், 2 கோடி சொந்த வரவு. கடந்த ஆண்டும் சொந்த வரவு 2 கோடி என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் உண்மையில் சேர்ந்தது ஒரு கோடியே 20 இலட்சம். அப்படியானால் இந்தப் புத்தகத்தில் 80 இலட்சம் ரூபாய் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அந்த 80 இலட்சத்தை நம்பி எந்த வேலைகள் எழுதப்பட்டிருக்கின்றன? செப்டெம்பர், ஒக்டோபரில் 'நிதி கிடைக்கவில்லை' என்று நிற்கப்போவது அவைதான். பெரும்பாலும் கடைசியாகப் புத்தகத்தில் ஏற்றப்பட்டவையாகவும், பேசத் தெரியாத உறுப்பினரின் வட்டாரத்தவையாகவும் அவை இருக்கும்.

எனவே ஒவ்வொரு வரவுத் தலைப்புக்கும் மூன்று எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முந்திய ஆண்டு உண்மையில் சேர்ந்தது, நடப்பு ஆண்டில் இதுவரை சேர்ந்தது, அடுத்த ஆண்டுக்கு எதிர்பார்ப்பது. மூன்றாவது எண் திடீரென்று தாவினால் காரணம் கேளுங்கள். புதிய மதிப்பீடு, புதிய கடைத் தொகுதி, தீர்மானம் எடுத்து உயர்த்திய கட்டணம் என்று காரணம் ஏதாவது இருந்தால் சரி. அடுத்த ஆண்டுக்கான வரிக்கும் கட்டணத்துக்கும் சபை தனியாகத் தீர்மானம் எடுத்து வர்த்தமானியிலும் அறிவிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அந்தத் தீர்மானம் பிந்தினால் உயர்த்திய எண் வெறும் எண்தான்.

கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையையும் படியுங்கள். ஒவ்வொரு உள்ளூராட்சிச் சபைக்கும் ஆண்டுதோறும் அது எழுதப்படுகிறது. எதிர்பார்த்த வரவுக்கும் சேர்ந்த வரவுக்கும் உள்ள வித்தியாசம், நிலுவை, பயன்படாமல் கிடக்கும் வாகனம், ஒதுக்கிவிட்டுச் செய்யாத வேலை எல்லாம் அதில் வரும். நடை வறண்டதாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படித்தால், எதிர்க்கட்சி எழுதித் தரும் எந்த உரையையும்விட அதில் விஷயம் அதிகம்.

செலவுப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது

செலவுகள் ஆறு நிகழ்ச்சித் திட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: பொது நிர்வாகம்; சுகாதாரம்; வீதி, காணி, கட்டடங்கள் அடங்கிய பௌதிகத் திட்டமிடல்; நீர் வழங்கல்; சந்தை போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள்; நூலகம், முன்பள்ளி போன்ற நலன்புரிச் சேவைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மீண்டெழும் செலவும், வீதி, கட்டடம் போன்றவற்றை அமைப்பதற்கான மூலதனச் செலவும் தனித்தனியாக இருக்கும்.

சம்பளம், எரிபொருள், மின் கட்டணம், குப்பை வண்டித் திருத்தம், கடன் தவணை, கடந்த ஆண்டு முடித்துப் பணம் கொடுபடாத வேலைகளின் பற்றுச்சீட்டுகள் ஆகியவை முதலில் கழியும். கடைசியில் சொன்னதைப் பற்றிப் பலர் கேட்பதேயில்லை. டிசம்பர் 31இல் கையிருப்பில் எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள். கையிருப்பை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது எல்லாச் சபைகளிலும் உள்ள வழக்கம்.

மூலதனச் செலவு ஒவ்வொன்றும் தன் பின்னால் ஒரு மீண்டெழும் செலவை இழுத்துக்கொண்டு வரும். தெருவிளக்கு போட்டால் அடுத்த மாதமே மின் கட்டணம், ஆறு மாதத்தில் பழுது பார்க்கும் ஆள். நூலகக் கட்டடம் கட்டினால் நூலகர். புதிய பதவிக்கு ஆளணி அனுமதி மேலிருந்து வர வேண்டும். அது வராவிட்டால் திறப்பு விழாக் கல் மட்டும் சுவரில் இருக்கும், கதவு பூட்டியிருக்கும். சிறுவர் பூங்கா கேட்கும் ஊரவரிடம் புல் வெட்டுவது யார் என்று திருப்பிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மாதங்களின்படி வேலை

ஜூலையில் செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்: முந்திய மூன்று ஆண்டுகளின் பாதீடு, இறுதிக் கணக்கு, கணக்காய்வு அறிக்கை ஆகியவற்றின் பிரதிகள் தேவை என்று. உறுப்பினர் என்ற முறையில் கேட்டால் பொதுவாகக் கொடுப்பார்கள். ஊரவராக இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. கேள்வியைக் குறிப்பாக எழுதுங்கள். 'வரவு விபரம் தருக' என்று எழுதினால் வரும் பதில் யாருக்கும் உதவாது. '2024இல் சந்தைக் கடை வாடகையாகச் சேர்ந்த தொகை, 2024 டிசம்பர் 31இல் இருந்த நிலுவை' என்று எழுதினால் எண் வரும்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் குழுக்கள் வேலை செய்ய வேண்டும். நிதியும் கொள்கை உருவாக்கமும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்று நான்கு குழுக்கள் வழக்கமாக அமைக்கப்படுகின்றன. பிரதேச சபைகள் சட்டம் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் குழுவில் சேர்க்க இடம் தருகிறது. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், கணக்கு ஆசிரியை, பழைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் இல்லாத ஊர் நம்மிடம் ஏது? நிதிக் குழுவில் அப்படி இரண்டு பேர் உட்கார்ந்தால் கூட்டத்தின் பேச்சே மாறிவிடும். எந்தக் குழுவைத் தேர்வது என்று புதியவர்கள் கேட்டால் நான் நிதிக் குழுவையே சொல்வேன். தொழில்நுட்பக் குழுவில்தான் வீதி கிடைக்கும் என்று எல்லோரும் அங்கே முண்டியடிப்பார்கள், விடுங்கள்.

இதே காலத்தில் வட்டாரக் கூட்டம் நடத்துங்கள். கோவில் மண்டபம், பள்ளிவாசல் முன்றல், சனசமூக நிலையம் எதுவானாலும் சரி. கிராம உத்தியோகத்தரையும் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் அழையுங்கள். பிரதேச செயலகம் அடுத்த ஆண்டு அதே இடத்தில் ஏதாவது செய்யப்போகிறதா என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே மதகுக்கு இரண்டு அலுவலகம் மதிப்பீடு போட்டு, பக்கத்து மதகுக்கு ஒருவரும் போடாத கதை நமக்குப் புதிதல்ல.

ஒக்டோபரில் வரைவு உருவாகும். நவம்பரில் தேசிய வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும்போது சம்பளம், கொடுப்பனவு பற்றிய அறிவிப்புகள் வந்து சில எண்களை மாற்றும். பிறகு வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, டிசம்பரில் சபைக்கு வரும். பார்வைக்கு வைக்கும் அறிவித்தல் சபை வாசலில் ஒரு தாளில் ஒட்டியிருக்கும், அது போதாது. முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நீங்களே போடுங்கள். ஆட்சேபம் எழுத்தில் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு முன்மொழிவு எப்படி இருக்க வேண்டும்

'எங்கள் வீதியைத் திருத்தித் தாருங்கள்' என்பது வேண்டுகோள். முன்மொழிவு என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதை வைத்து மதிப்பீடு போடக்கூடியதாக இருக்க வேண்டும். வீதியின் பெயரும் பதிவேட்டு இலக்கமும், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம் மீற்றரில், இப்போதுள்ள அகலம், பயன்படுத்தும் குடும்பங்கள், பாடசாலையோ வைத்தியசாலையோ இருந்தால் அதன் பெயர். இரண்டு படங்கள்: ஒன்று வெயிலில், ஒன்று மாரியில்.

வடிகான் என்றால் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் எங்கே போய் விழும்? குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை போன்ற ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கின்றன. நடுவில் ஏ4 வீதி ஓடுகிறது. சபை கட்டும் வடிகான் அந்த வீதிக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டால் முதல் அடைமழையிலேயே பக்கத்து வளவுக்குள் வெள்ளம் நிற்கும், அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் உங்கள் வாசலில் நிற்கும். வீதிக்குக் கீழே மதகு போட வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பாதீட்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

காணியையும் பாருங்கள். விளையாட்டு மைதானம், மயானச் சுவர், சந்தைக் கொட்டகை எதுவானாலும் அந்த நிலம் சபையின் பெயரில் இருக்கிறதா, அரச காணியா, வன இலாகாவின் எல்லைக் கல் உள்ளே விழுகிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காணி விடுவிக்கப்படாத மைதானத்துக்கு ஒதுக்கிய பணம் ஆண்டு முடியும்போது அப்படியே கிடக்கும். அடுத்த ஆண்டு அதே தொகை அதே பெயரில் மறுபடி புத்தகத்தில் ஏறும்.

மொத்தத்தை வட்டாரங்களின் எண்ணிக்கையால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிடுவது பல சபைகளில் நடக்கிறது. சண்டையைத் தவிர்க்கும் வழி என்பதைத் தவிர அதில் எந்த நன்மையும் இல்லை. சமனாகப் பங்கிட்ட சிறு தொகையில் எந்த வீதியும் முடியாது. எல்லா வீதியும் நூறு மீற்றர் கொங்கிறீட்டோடு நின்றுவிடும். பக்கத்து வட்டார உறுப்பினரோடு பேசி இந்த ஆண்டு உன்னுடையது, அடுத்த ஆண்டு என்னுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் முழு வீதியும் முடியும். அவர் வேறு கட்சியாக இருந்தாலும்.

வாக்கெடுப்பு நாள்

வட்டாரத் தெரிவும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்புத் தேர்தல் முறைக்குப் பிறகு பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அதனால் பாதீட்டு வாக்கெடுப்பு ஆட்சியின் பலப்பரீட்சையாகிவிடுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் வரைவைச் சமர்ப்பிப்பார். சபை அப்படியே ஏற்கலாம், திருத்தத்தோடு ஏற்கலாம், நிராகரிக்கலாம். நிராகரித்தால் அவர் மறுபடியும் ஒருமுறை கொண்டுவரலாம். இரண்டாம் முறையும் தோற்றால் என்ன என்பது காலத்தைப் பொறுத்தது. சபையின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் என்றால் பாதீடு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். இரண்டு ஆண்டு கடந்திருந்தால் தவிசாளர் பதவி விலகியதாகக் கொள்ளப்படுவார். மாநகர முதல்வருக்கும் அதே விதி. யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசம்பரில் பாதீடு இரண்டாம் முறையும் தோற்று இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வர் பதவியை இழந்தது இப்படித்தான்.

இப்போதைய சபைகள் 2025 ஜூனில் தொடங்கின. கணக்குப் பார்த்தால் 2027 டிசம்பர் வாக்கெடுப்பு வரும்போதுதான் தவிசாளர்களின் கதிரை ஆடத் தொடங்கும். அந்த மாதத்தில் உங்களைத் தேடி வருபவர்களின் எண்ணிக்கை கூடும். அதுவரை கிடைக்கும் காலம் வரவுப் பக்கத்தைப் படிக்கப் போதுமானது.

எதிர்த்து வாக்களிப்பது உங்கள் உரிமை. ஆனால் திருத்தம் எதையும் எழுத்தில் கொடுக்காமல் எதிர்ப்பது ஊருக்கு ஒன்றையும் பெற்றுத் தராது. திருத்தத்தில் இரண்டு பாதி இருக்க வேண்டும்: எதற்கு எவ்வளவு கூட்ட வேண்டும், எந்தத் தலைப்பில் அதைக் குறைக்க வேண்டும். இரண்டாவது பாதி இல்லாத திருத்தத்தைச் செயலாளர் ஒரு வசனத்தில் தள்ளிவிடுவார். அவர் செய்வது சரியும்கூட. உங்கள் திருத்தமும் அதற்குக் கிடைத்த பதிலும் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டனவா என்று அடுத்த அமர்வில் குறிப்பை உறுதிப்படுத்தும்போது பாருங்கள்.

ஜனவரிக்குப் பிறகு

நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் பக்கத்து மழையோ ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நிற்கிறது. வீதி வேலைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத நாட்காட்டியை அமைப்பது கடினம். ஜனவரியில் நிலம் ஈரம், பெப்ரவரி, மார்ச்சில் மதிப்பீடு, கேள்விப்பத்திரம் (டெண்டர்), ஏப்ரலில் புத்தாண்டு. எல்லாம் நேரத்துக்கு நடந்தால் மே முதல் செப்டெம்பர் வரை வேலை செய்யலாம். ஒரு கடிதம் இரண்டு மாதம் பிந்தினால் வேலை நவம்பருக்குப் போய்விடும். ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று கொட்டும் மழையில் பரப்பிய கிரவல் தைப்பொங்கலுக்கு முன்பே வாவியில் கிடக்கும்.

ஆகவே டிசம்பரில் பாதீடு நிறைவேறியதும் ஜனவரி அமர்விலேயே கேள்விப்பத்திர அட்டவணையைக் கேளுங்கள்: எந்த வேலைக்கு எப்போது மதிப்பீடு, எப்போது அறிவித்தல், எப்போது ஒப்பந்தம். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுக்கக்கூடிய சிறு வேலைகள் எவை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சங்கத்தின் பதிவும் வங்கிக் கணக்கும் நடைமுறையில் இருக்கின்றனவா என்று அவர்களையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்க வேண்டும். ஜூன் முடிவில் சொந்த வரவு பாதியைத் தொடவில்லை என்றால் எந்த வேலைகளைக் கைவிடுவது என்று அப்போதே சபையில் பேசித் தீர்மானிப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒக்டோபரில் யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைத் தீர்மானிப்பார். நடுவில், மேலதிக ஒதுக்கீடு கேட்கும் குறைநிரப்பு மதிப்பீடோ ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு ஒதுக்கீட்டு மாற்றமோ சபைக்கு வரும். அமர்வின் கடைசியில், எல்லோரும் தேநீருக்கு எழும் நேரத்தில் வருவது அதன் வழக்கம். எந்த வேலையிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது என்ற வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.